ஒழுகும் பானை தீயைத் தாங்கும், ஒழுகாத குவளை தாங்காது

பொங்கலன்று காலை, பானை அடுப்பில் ஏறிக் கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. 'டக்' என்று ஒரு சத்தம். பானையின் வயிற்றில் மயிரிழை போல் ஒரு கோடு. பால் சொட்டி அடுப்பு அணைகிறது. வீட்டுப் பெரியவர்களின் முகம் மாறிவிடும். "இந்த வருஷம் என்னவோ..." என்று ஒருவர் ஆரம்பிப்பார். புது மருமகள் வந்திருக்கும் வீடாக இருந்தால் பேச்சு வேறு பக்கம் போய்விடும். வாசகர்களே, உங்கள் வீட்டில் இது நடக்காவிட்டாலும் உங்களுக்குத் தெரிந்த ஏதாவது ஒரு வீட்டில் நடந்திருக்கும்.

அந்தக் கோட்டுக்கும் வரப்போகும் வருடத்துக்கும் சம்பந்தம் இல்லை. பானையின் ஒரு பகுதி வேகமாகச் சூடேற, அடுத்த பகுதி பின்தங்கிவிட்டதால் வந்த கோடு அது. யார் மீதும் பழி போடுவதற்கு முன்னால், சுட்ட மண்ணுக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம்.

முதலில் ஒரு புதிர். உங்களிடம் இரண்டு மண் பாத்திரங்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, பொங்கலுக்கு வாங்கிய சிவப்பு மண்பானை. மற்றொன்று, கைவினைச் சந்தையில் ஒரு குயவரிடம் நல்ல விலை கொடுத்து வாங்கிய கனமான காப்பிக் குவளை. பானையில் தண்ணீர் ஊற்றி வைத்தால் வெளிப்புறம் வியர்க்கும். கத்தியால் சுரண்டினால் செம்பொடி உதிரும். கை தவறினால் தூள். குவளையோ ஒரு சொட்டுகூடக் கசியாது, கத்திக்கும் அசையாது, இருபது வருடம் அதில் காப்பி குடிக்கலாம். இரண்டில் எது உறுதியானது? வகுப்பில் இதைக் கேட்டால் அத்தனை கைகளும் குவளைக்குத்தான் உயரும்.

இப்போது இரண்டிலும் தண்ணீர் ஊற்றி கேஸ் அடுப்பில் வைத்துத் தீயை மூட்டுங்கள். (கற்பனையில் மட்டும். வீட்டில் செய்து பார்க்க வேண்டாம்.) பக்குவமாகச் சூடேற்றினால் பானை மணிக்கணக்கில் நிற்கும். குவளை சில நிமிடங்களில் பிளந்துவிடக்கூடும்.

ஆக, மண் பாத்திரத்தின் உறுதி ஒன்றல்ல. தட்டலையும் தேய்மானத்தையும் நீரையும் தாங்குவது ஒரு வகை. நெருப்பைத் தாங்குவது வேறு வகை. ஒன்றைக் கூட்டினால் பெரும்பாலும் மற்றது குறையும். இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால், கையால் செய்த மண் பாத்திரத்தை வாங்குவதிலும் புழங்குவதிலும் வரும் குழப்பங்களில் பாதி தீர்ந்துவிடும்.

மண் எப்படிக் கல்லாகிறது?

களிமண் என்பது மிக நுண்ணிய தட்டுகளின் குவியல். ஒவ்வொரு தட்டும் ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. தட்டுகளுக்கு இடையில் தண்ணீர் இருக்கும்போது அவை ஒன்றின் மேல் ஒன்று வழுக்கும். நனைந்த இரண்டு கண்ணாடித் துண்டுகளை ஒட்டவைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் எளிதாக வழுக்கும், ஆனால் நேராக இழுத்தால் பிரியாது. களிமண் வளைவதும் வளைத்த இடத்தில் நிற்பதும் இதனால்தான். மணலுக்கு இந்தத் தட்டு வடிவம் இல்லை. ஈர மணலால் கடற்கரையில் கோட்டை கட்டலாம், குவளை செய்ய முடியாது.

காயும்போது தண்ணீர் வெளியேறுகிறது, தட்டுகள் நெருங்குகின்றன, பாத்திரம் சுருங்குகிறது. சூளையில் மறுபடியும் சுருங்கும். சக்கரத்தில் 10 செண்டிமீட்டர் உயரம் இருந்த குவளை, உயர்ந்த சூட்டில் வெந்து வெளியே வரும்போது 9 செண்டிமீட்டருக்கும் கீழே போயிருக்கலாம். சுருங்குவதில் தவறில்லை. ஒரு பகுதி முந்தி, ஒரு பகுதி பிந்திச் சுருங்குவதுதான் ஆபத்து. மெல்லிய விளிம்பு காய்ந்துவிட்டது, தடித்த அடி இன்னும் ஈரம் என்றால் அங்கே இழுபறி தொடங்கும். குவளையின் கைப்பிடி, ஒட்டிய இடத்தில் பிய்வதும் இதனால்தான். நல்ல குயவர்கள் செய்த பாத்திரத்தை வெயிலில் வைக்கமாட்டார்கள். பிளாஸ்டிக் உறை போட்டு மூடி, நாள் கணக்கில் மெல்லக் காயவிடுவார்கள். உறுதியின் பெரும்பகுதி இந்தச் சோம்பலான நாட்களில் தீர்மானமாகிறது.

பிறகு சூளை. முதல் கண்டம் 100 டிகிரி செல்சியஸில். மண்ணுக்குள் மிச்சமிருக்கும் தண்ணீர் ஆவியாகும்போது 1,600 மடங்குக்கும் மேல் பெருகும். வெளியேற வழியும் நேரமும் இல்லாவிட்டால் பாத்திரம் வெடித்துச் சிதறும். "மண்ணுக்குள் காற்றுக் குமிழி இருந்தால் வெடிக்கும்" என்று மட்பாண்ட வகுப்புகளில் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். காற்று பாவம். அந்தச் சூட்டில் அது பெருகுவது கொஞ்சம்தான். வெடிக்க வைப்பது ஈரம். குமிழி உள்ள இடம் தடிமனாக இருந்து, ஈரம் தங்கிவிடுவதால் காற்றுக்குக் கெட்ட பெயர்.

அடுத்தது 450 முதல் 600 டிகிரி வரை. இங்கே நடப்பது வேதியியல் மாற்றம். களிமண் தட்டின் உட்கட்டமைப்பிலேயே தண்ணீர் பிணைந்திருக்கிறது. தூய வெண்களிமண் ஒரு கிலோவில் அது ஏறக்குறைய 140 கிராம். அந்தத் தண்ணீரும் வெளியேறிவிட்டால் திரும்பி வர வழியில்லை. இதைச் சோதிப்பது எளிது. காய்ந்த, ஆனால் சுடாத களிமண் உருண்டையை ஒரு கிளாஸ் தண்ணீரில் போடுங்கள். சற்று நேரத்தில் கரைந்து சேறாகும். சுட்ட அகல் விளக்கு ஒன்றைப் போடுங்கள். பொங்கல் போய் அடுத்த பொங்கல் வந்தாலும் அப்படியே கிடக்கும். இந்தக் கட்டத்தைத் தாண்டிய மண் மக்குவதில்லை, துருப்பிடிப்பதில்லை. கீழடியிலும் ஆதிச்சநல்லூரிலும் மரமும் துணியும் போன பிறகும் பானை ஓடுகள் நமக்குக் கிடைப்பது அதனால்தான்.

பொங்கல் பானை பொதுவாக 900 டிகிரியை ஒட்டி நின்றுவிடும். தட்டுகள் விளிம்போடு விளிம்பு ஒட்டியிருக்கும், இடையில் நுண்துளைகள் ஏராளம். சுடுமண் என்று நாம் சொல்வது இதைத்தான்.

சூட்டை 1,200 டிகிரிக்கு மேல் ஏற்றினால் கதை மாறுகிறது. மண்ணில் கலந்துள்ள ஃபெல்ட்ஸ்பார் என்னும் கனிமம் உருகிக் கண்ணாடிக் குழம்பாகித் துளைகளுக்குள் ஓடி அடைக்கிறது. அந்தக் குழம்புக்குள் முல்லைட் என்ற ஊசி வடிவப் படிகங்கள் வளர்ந்து, காங்கிரீட்டுக்குள் இரும்புக் கம்பி போலப் பின்னிக்கொள்கின்றன. ஆறியதும் கிடைப்பது ஏறக்குறைய செயற்கைக் கல். ஸ்டோன்வேர் என்ற பெயர் பொருத்தமானது. இன்னும் தூய வெண்மண்ணில் இதையே செய்தால் பீங்கான்.

டிராகன் சூளையின் ஓர் இரவு

அந்த 1,200 டிகிரியை விறகால் எட்ட முடியுமா? முடியும் என்பதற்குச் சாட்சி ஜொகூர் பாலத்துக்கு அப்பால், சிங்கப்பூரின் ஜாலான் பஹார் பகுதியில் இருக்கிறது. அங்குள்ள தாவ் குவாங் டிராகன் சூளை 1940-இல் கட்டப்பட்டது. சரிவில் படுத்திருக்கும் செங்கல் சுரங்கம், ஏறக்குறைய 27 மீட்டர் நீளம். கீழே நெருப்பு வாய், அதுதான் தலை. மேலே புகைபோக்கி, வால். சிங்கப்பூரில் எஞ்சியிருக்கும் டிராகன் சூளைகள் இரண்டே இரண்டு, இரண்டுமே அந்தப் பகுதியில்தான்.

நம் வாசகர்களுக்கு இதில் ஒரு சொந்தம் உண்டு. அந்தக் காலத்தில் இத்தகைய சூளைகளில் தண்ணீர் ஜாடிகளும் பூச்சாடிகளும் மட்டுமல்ல, ரப்பர் தோட்டங்களுக்கான பால் மங்குகளும் சுட்டார்கள். விடியற்காலை இருட்டில் நம் பாட்டிகள் மரத்துக்கு மரம் பார்த்துத் துடைத்துவைத்த மங்கு அது. மங்கின் உட்புறம் பளபளப்பாக இருந்ததற்குக் காரணம் அழகு அல்ல. மெருகு இல்லாத சுடுமண்ணாக இருந்தால் பால் துளைகளுக்குள் இறங்கி உறைந்துவிடும், சுரண்டியும் வராது. மழையிலும் வெயிலிலும் வருடக் கணக்கில் மரத்தில் தொங்கிய பொருள். பழைய தோட்டத்து மண்ணைக் கிளறினால் இன்றும் முழு மங்கு கிடைப்பதுண்டு.

இப்போது அந்தச் சூளை எப்போதும் எரிவதில்லை. எரியும் நாட்கள் ஒரு கூடுகை. தொழில்முறைக் குயவர்களும் வார இறுதியில் கற்றுக்கொள்பவர்களும் தங்கள் பாத்திரங்களுடன் வந்து கூடுகிறார்கள். நீங்கள் பார்வையாளராகப் போனாலும் போதும். பாடப்புத்தகத்தில் இருக்கும் வெப்ப இயற்பியல் கண்முன்னே நடக்கும். முதலில் பாத்திரங்களை அடுக்கவே நாட்கள் ஆகும். ஒவ்வொன்றின் அடியிலும் உருகாத அலுமினா கலந்த சிறு உருண்டைகளை வைப்பார்கள், இல்லாவிட்டால் பாத்திரம் தட்டோடு ஒட்டிவிடும். பிறகு வாசலைச் செங்கல் வைத்து அடைப்பார்கள். தலையில் சிறு தீ தொடங்கும். பல மணி நேரம் அது சிறு தீயாகவே இருக்கும். நான் மேலே சொன்ன ஆவிக் கண்டம் நினைவிருக்கிறதா? அதைத் தாண்டும்வரை பொறுமை.

சூடான காற்று மேலே ஏறும் என்பது பள்ளிப் பாடம். இங்கே சூளையே சரிவில் இருப்பதால் முழுச் சுரங்கமும் புகைபோக்கியாக வேலை செய்கிறது. கீழே எரியும் தீயின் கழிவுச் சூடு, மேலே காத்திருக்கும் பாத்திரங்களை முன்கூட்டியே சூடாக்குகிறது. தலைப்பகுதி வெந்ததும் பக்கவாட்டுத் துளைகள் வழியாக விறகு போட்டு, தீயை ஒவ்வோர் அடியாக மேலே நகர்த்துகிறார்கள். ஏற்கெனவே சூடான இடத்தில் கொஞ்சம் விறகே போதும். எரிபொருளை மிச்சப்படுத்தும் இந்த ஏற்பாடு சீனக் குயவர்களின் பழங்கால அறிவு, நவீனத் தொழிற்சாலைகளின் நீண்ட சுரங்க உலைகளும் இதே கொள்கையில்தான் இயங்குகின்றன. ஒரு பகலும் ஓர் இரவும், சில சமயம் அதற்கு மேலும், ஆட்கள் முறை வைத்து விறகு போடுவார்கள். நள்ளிரவில் துளைகளிலிருந்து நாக்கு நீட்டும் தீயைப் பார்த்தால் டிராகன் என்ற பெயரை யாரும் விளக்க வேண்டியதில்லை.

சூடு போதுமா என்று எப்படித் தெரியும்? சூளைக்குள் சின்னஞ்சிறு கூம்புகளை வைத்திருப்பார்கள். ஜெர்மானிய வேதியியலாளர் ஹெர்மன் செகர் 1886-இல் உருவாக்கிய முறை இது. களிமண்ணும் உருக்கிகளும் குறிப்பிட்ட அளவில் கலந்த கூம்பு, குறிப்பிட்ட சூட்டில் தலை குனியும். 6-ஆம் எண் கூம்பு ஏறத்தாழ 1,220 முதல் 1,240 டிகிரியில், 10-ஆம் எண் 1,300-ஐ ஒட்டி. வெப்பமானி சூட்டை மட்டும் சொல்லும். கூம்போ அந்தச் சூடு எவ்வளவு நேரம் நின்றது என்பதையும் சேர்த்துச் சொல்கிறது. சோறு வெந்ததா என்று அறிய அடுப்பின் சூட்டை அளப்பதற்கும் ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான்.

விறகுச் சாம்பல் தீயோடு பறந்து பாத்திரங்கள் மீது படியும். அதிலுள்ள கால்சியமும் பொட்டாசியமும் மண்ணிலுள்ள சிலிக்காவோடு உருகி, யாரும் பூசாமலே மெருகாகிவிடும். சில சமயம் உப்பையும் எறிவார்கள். உப்பு ஆவியாகி, அதிலுள்ள சோடியம் இதே வேலையைச் செய்யும். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தீ வந்த பக்கம் ஒரு நிறம், மறுபக்கம் வேறு நிறம். தொழிற்சாலைக் குவளைகளில் இது கிடைக்காது.

எல்லாம் முடிந்ததும் துளைகளை அடைத்துவிட்டு அனைவரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். திறப்பது பல நாள் கழித்து. ஆவல் தாங்காமல் முன்னதாகத் திறந்தால் 573 டிகிரி பழிவாங்கும். மண்ணிலுள்ள குவார்ட்ஸ் படிகங்கள் அந்தச் சூட்டில் சட்டென்று வடிவம் மாறி, கிட்டத்தட்ட 1 விழுக்காடு சுருங்குகின்றன. முழுப் பாத்திரமும் ஒரே நேரத்தில் அதைக் கடந்தால் பிரச்சினை இல்லை. குளிர்காற்று பட்ட பக்கம் மட்டும் முந்தினால் விரிசல்.

துளைதான் காவல்

இப்போது புதிருக்கு விடை சொல்லலாம். மண் வெப்பத்தை மெதுவாகவே கடத்தும். அடுப்பில் வைத்ததும் அடி சூடாகி விரியும், மேல்பகுதி குளிர்ந்தே இருக்கும். இழுவிசையில் எங்கோ ஒரு நுண்விரிசல் பிறக்கும். இரண்டு பாத்திரங்களிலும் இது நடக்கும். கண்ணாடி போல் இறுகிய குவளையில் அந்த விரிசலைத் தடுக்க எதுவும் இல்லை, நேராக ஓடிப் பாத்திரத்தைப் பிளந்துவிடும். பானையில் அது சில மைக்ரான் தூரம் போனதுமே ஒரு துளையில் விழும், அல்லது ஒரு மணல் துகளில் முட்டி நிற்கும். கிழிகிற துணியில் கிழிசலின் முனையில் வட்டமாக ஒரு துளை போட்டால் அதற்கு மேல் கிழியாதது போல. நல்ல பானைக்குள் ஆயிரக்கணக்கான குட்டி விரிசல்கள் இருக்கின்றன, ஒரு பெரிய விரிசல் இல்லை. குயவர்கள் மண்ணில் மணலும் உமியும் கலப்பது சிக்கனத்துக்காக என்று நினைத்துவிடாதீர்கள்.

நம் ஊர் உணவுக்கடைகளில் கோழிச் சோறு வேகும் சீனக் களிமண் சட்டியைக் கவனியுங்கள். வெளிப்புறம் சொரசொரப்பாக, மணல் தெரியும். சீன மொழியில் அதன் பெயரே மணல் சட்டி. உட்புறம் மட்டும் மெருகு. பேராக்கில் கோலகங்சாருக்கு அருகே சாயோங்கில் செய்யும் 'லாபு சாயோங்' கூஜாவும் துளையுள்ள மண்தான், ஆனால் அங்கே துளைக்கு வேறு வேலை. கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளிருக்கும் நீரின் சூட்டை எடுத்துச் செல்கிறது. (நம் ஈரக்காற்றில் நாலைந்து டிகிரிக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.) அதன் கறுப்பு நிறம் சாயமல்ல. சுட்ட சூட்டோடு நெல் உமியில் புதைக்கும்போது கரி துளைகளுக்குள் ஏறிக்கொள்கிறது.

எனவே பொங்கல் பானைக்குச் செய்யவேண்டியது சில. கோலசிலாங்கூர் வட்டாரத்தில் தமிழ்க் குயவர்கள் இன்றும் பானை செய்கிறார்கள். எங்கே வாங்கினாலும், வாங்கியதும் ஓர் இரவு தண்ணீரில் ஊறவையுங்கள். மறுநாள் அரிசிக் கஞ்சியைச் சிறு தீயில் கொதிக்கவைத்து, அடுப்பிலேயே ஆறவிடுங்கள். மாவுச்சத்து துளைகளின் வாயை அடைக்கும், கசிவு குறையும். பொங்கலன்று தீயை எடுத்த எடுப்பில் பெரிதாக்காதீர்கள். தண்ணீர் இருக்கும் உயரம் வரை பானைச் சுவர் 100 டிகிரியைச் சுற்றியே இருக்கும். அதற்கு மேலே வெறும் சுவரை கேஸ் தீ நக்கினால் அங்கே சூடு பல மடங்கு ஏறும், அந்த எல்லைக்கோட்டில்தான் பெரும்பாலும் விரிசல் விழுகிறது. குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த பால் பாக்கெட்டை நேராகச் சூடான பானையில் கவிழ்ப்பது அடுத்த காரணம். பாலை அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டு ஊற்றுங்கள். இவ்வளவும் செய்த பிறகும் விரிசல் விட்டால் மண்ணில் குறை, மருமகளிடம் அல்ல.

சந்தையில் எதைப் பார்ப்பது?

கைவினைச் சந்தைகளிலும் சூளை திறக்கும் நாட்களிலும் குயவரே எதிரில் நிற்பார். பேரங்காடியில் கிடைக்காத வசதி இது, பயன்படுத்திக்கொள்ளுங்கள். எந்தக் கூம்புக்குச் சுட்டீர்கள், உட்புற மெருகு உணவுக்கு ஏற்றதா என்று கேளுங்கள். விவரம் தெரிந்த குயவர் மகிழ்ச்சியோடு பதில் சொல்வார். மழுப்பினால் அந்தப் பாத்திரத்தை அலமாரியில் வைக்க மட்டும் வாங்குங்கள்.

இது வெறும் தரம் பற்றிய கேள்வியல்ல. மெருகு என்பது ஒரு கண்ணாடிப் படலம். குறைந்த சூட்டில் அதை உருக்க ஒரு காலத்தில் ஈயம் சேர்த்தார்கள், இன்றும் சில இடங்களில் சேர்க்கிறார்கள். சிவப்பு, ஆரஞ்சு நிறங்களுக்குக் காட்மியம் பயன்படுவதுண்டு. சரியாக உருகாத மெருகிலிருந்து இவற்றை அமிலம் கரைத்து எடுக்கும். புளிக்குழம்பு, ரசம், எலுமிச்சை ஊறுகாய், அசாம் மீன், நம் சாப்பாட்டில் பாதி அமிலம்தான். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் என்பதில் ஐயமில்லை. வீட்டில் ஒரு சோதனை செய்யலாம். எலுமிச்சைத் துண்டை மெருகின் மீது ஓர் இரவு வையுங்கள். நிறம் மங்கினாலோ பளபளப்பு குறைந்தாலோ அந்த மெருகு உணவுக்கு ஆகாது. நிறம் மாறாவிட்டால் ஈயம் இல்லை என்று பொருளல்ல, அதை ஆய்வகம்தான் சொல்லும். பழைய, எங்கிருந்து வந்ததென்று தெரியாத பாத்திரத்தில் ஊறுகாய் போடாதீர்கள்.

மெருகில் வலை போன்ற மெல்லிய கோடுகள் தெரிகின்றனவா? ஆறும்போது மெருகு மண்ணைவிட அதிகமாகச் சுருங்கியிருக்கிறது. பார்க்க அழகு, பூச்சாடிக்குப் பொருத்தம். சோற்றுத் தட்டுக்கு வேண்டாம். கோடுகளில் கறி இறங்கும், பாத்திரத்தின் வலுவும் குறைந்திருக்கும். குவளையை உள்ளங்கையில் வைத்து விரல் மூட்டால் தட்டுங்கள். மணி போல் ஒலித்தால் நன்று. மொத்தென்று கேட்டால் எங்கோ விரிசல், அல்லது சரியாக வேகவில்லை. கைப்பிடி ஒட்டிய இடத்தை விரலால் தடவிப் பாருங்கள்.

வீட்டுக்கு வந்ததும் பிள்ளைகளோடு செய்ய ஒரு கணக்கு இருக்கிறது. சமையலறைத் தராசு போதும். நன்றாகக் காய்ந்த குவளையை எடை போடுங்கள், 400 கிராம் என்று வைத்துக்கொள்வோம். ஓர் இரவு தண்ணீரில் மூழ்கவிட்டு, துடைத்து, மறுபடியும் எடை போடுங்கள். 404 கிராம் என்றால் அது குடித்த நீர் 1 விழுக்காடு, கவலையில்லாமல் தினமும் பயன்படுத்தலாம். 424 கிராம் என்றால் 6 விழுக்காடு. குயவர் ஸ்டோன்வேர் என்று சொல்லிக் கொடுத்திருந்தாலும் அது சரியாக வேகாத மண். மைக்ரோவேவில் வைத்தால் குவளைக்குள் இருக்கும் நீர்தான் முதலில் சூடாகும், கைப்பிடி சுடும், காப்பி ஆறியே இருக்கும். அதில் பேனா, கத்தரிக்கோல் போட்டு வையுங்கள்.